புனித ஜார்ஜ் கோட்டை: சக்கர நாற்காலியோடு உள்ளே போக உதவி வேண்டும்

வணக்கம். அடுத்த வாரம் மூத்தவர்கள் சிலரைக் கோட்டைக்கு அழைத்துப் போகிறோம். ஒருவர் சக்கர நாற்காலியில் வருவார். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதனால் அந்த நாளைத் தவிர்த்துவிட்டோம். சட்டமன்றம் கூடும் நாட்களையும் தவிர்க்கிறோம். தலைமைச் செயலகமும் ராணுவப் பகுதியும் அதே வளாகம் என்பதால் அன்று சோதனை கெடுபிடியாக இருக்கும், வண்டியை வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் அசல் அடையாள அட்டை கொண்டுவருகிறார்கள்.

சிக்கல் அருங்காட்சியகக் கட்டடத்தில்தான். 1795இல் வணிகர்களுக்காகக் கட்டிய பழைய எக்ஸ்சேஞ்ச், அதாவது வணிகர்கள் கூடிய மன்றம், அது. ஓவியக்கூடம் மாடியில். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஏற்றிய மூவர்ணக் கொடியும் மேலேதான், அதைப் பார்க்கத்தான் பெரியவர்களுக்கு ஆசை.

கேள்விகள் இவைதான்: மாடிக்கு லிஃப்ட் இருக்கிறதா? ராஜாஜி சாலை வாசலில் முதியவர்களை இறக்கிவிட ஆட்டோவை உள்ளே விடுகிறார்களா? 1680இல் திறந்த புனித மேரி தேவாலயம் வார நாளில் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கட்டிய அதன் வளைவுக் கூரையை அவசியம் காட்ட வேண்டும். வாசலில் படி எத்தனை என்றும் சொல்லுங்கள், மடக்குச் சாய்தளம் ஒன்று எடுத்து வருவோம்.

அண்மையில் போய்வந்தவர்கள் பதில் சொன்னால் பேருதவி.