ஐகன் வேல்யூ 5.1 வந்தும் சைலோ டிராயிங்கில் கையெழுத்து விழவில்லை, ஏன்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் டிசைன் பார்க்கிறேன். சித்தூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் சைலோ (நெல் சேமிக்கும் உருளைத் தொட்டி): 6 மீட்டர் விட்டம், 15 மீட்டர் உயரம், 3 மி.மீ. தகடு, தட்டையான அடி. நெல் சுவரை உரசி இறங்குவதால் அடிச்சுவரில் வரும் அமுக்கம் 29 மெகாபாஸ்கல். சுவரை 150 மி.மீ. துண்டுகளாக (எலமென்ட்) பிரித்து மெஷ் போட்டு லீனியர் பக்லிங் (குறையில்லாத சுவர் எத்தனை மடங்கு லோடில் நெளியும் என்ற கம்ப்யூட்டர் கணக்கு) ஓட்டினேன், முதல் மோடுக்கு, அதாவது முதலில் வரும் நெளிவு வடிவத்துக்கு, அந்த மடங்கு (ஐகன் வேல்யூ) 5.1. யீல்டு (தகடு நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) 250 மெகாபாஸ்கல், பக்லிங்குக்கும் அஞ்சு மடங்கு இருக்கு, அப்புறம் என்ன? கன்சல்டன்ட் பார்த்துவிட்டு நான்லீனியர் (சுவரின் கோணலையும் அது உருமாறுவதையும் சேர்த்த கணக்கு) ஓட்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டார். ஓனர் தகடு ஆர்டர் போட நிற்கிறார்.

வேலந்தாவளம் சிவில்:
முதல்ல அந்த 5.1-ஐயே நம்பாதீங்க. சீரான அமுக்கத்துக்கு கைக்கணக்கு ஒரே வரிதான்: 0.605 × E (எஃகின் விறைப்பு எண்) × தடிமன் ÷ ஆரம். உங்க அளவுக்கு 121 மெகாபாஸ்கல், 29-ஆல் வகுத்தால் 4.2. கம்ப்யூட்டர் தியரியைவிட அதிகம் காட்டுதுன்னா மெஷ்ஷைத்தான் சந்தேகப்படணும். இந்த சைலோவில் ஒரு நெளிவின் அரை அலை சுமார் 165 மி.மீ., நீங்க அதில் ஒரே ஒரு எலமென்ட் போட்டிருக்கீங்க, அது வளையவே தெரியாமல் விறைப்பாக நிற்கும். 20 மி.மீ. ஆக்கிப் பாருங்க, இறங்கும்.

பழைய ஷெல் ஆள்:
தம்பி, அந்த 4.2-ம் குறையே இல்லாத உருளைக்குத்தான். நிஜத் தகட்டில் செய்து நசுக்கிப் பார்த்தவர்களுக்கு தியரியில் பாதிகூட வராமல் போனது பல தடவை. காரணத்தை 1945-இல் டச்சுப் பொறியாளர் கொய்ட்டர் தன் டாக்டர் பட்ட ஆய்வில் காட்டினார்: தடிமன் அளவுக்கு ஒரு சின்னக் கோணல் இருந்தாலே மெல்லிய உருளையின் தாங்கும் சக்தி சரிந்துவிடும். சாதாரணத் தூண் இந்த அளவுக்குக் கோணலுக்குப் பயப்படாது. நாசாவின் எஸ்பி-8007 கையேடு சோதனைகளின் அடிமட்டத்தை வைத்து ஒரு குறைப்பு எண் தருகிறது, ஆரம்/தடிமன் 1000 என்றால் 0.22. 121-ஐப் பெருக்கினால் 27. உங்கள் சுவரில் வருவதே 29! கன்சல்டன்ட் கோபப்படாமல் அனுப்பியதே பெரிய விஷயம்.

இது உள்ளழுத்தம் இல்லாத உருளைக்கு. நெல் உள்ளிருந்து தள்ளுவது சுவருக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் ஒரு ஓரமாக நெல்லை இறக்கினால் அந்தப் பக்கம் தள்ளல் குறைந்து, பக்கத்தில் அமுக்கம் ஏறும். சைலோக்கள் படுப்பது பெரும்பாலும் அப்படி இறக்கும்போதுதான், அதனால் அந்த உதவியைக் கணக்கில் சேர்க்காமலே முதலில் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணா, நான்லீனியரில் கோணலை எந்த வடிவில், எவ்வளவு கொடுக்கணும்? லோடு ஏத்திட்டே போனால் ஒரு இடத்தில் கன்வர்ஜ் ஆகாம (கணக்கு விடைக்கு வராம) நின்னுடுது, அதுதான் பக்லிங் லோடா?

பழைய ஷெல் ஆள்:
நின்ற இடம்னு மட்டும் சொல்லி எழுதிக் கொடுக்காதீங்க, மெஷ்ஷோ ஸ்டெப்போ கெட்டும் நிற்கும். ஆர்க்-லெங்த், அதாவது ரிக்ஸ் முறை போடுங்க, லோடு உச்சியைத் தாண்டி வரைபட வளைவு கீழே இறங்குவது தெரியும், அந்த உச்சிதான் பதில். கோணலுக்கு முதல் மோடு மட்டும் போதாது, உருளையில் மோடுகள் எல்லாம் ஒட்டி ஒட்டி வரும். சுற்று வெல்டுக்குப் பக்கத்தில் தகடு உள்வாங்கி நிற்குமே, அந்தப் பள்ளத்தையும் தனியாகப் போடுங்க, இந்த ரகத்தில் ரொம்பக் கெட்டது அதுதான். அரை தடிமன், ஒரு தடிமன், இரண்டு தடிமன் என்று மாற்றி ஓட்டி லோடு எப்படி விழுகிறதென்று பாருங்க. அளவுக்கு யூரோகோட் 1993-1-6-இல் (ஐரோப்பிய ஷெல் டிசைன் விதி) தயாரிப்புத் தர வகுப்பு இருக்கு, உங்க ஷாப் ரோலிங்கும் வெல்டிங்கும் எந்த வகுப்பில் நிற்கும்னு நேர்மையாச் சொல்லுங்க.

ஓனரிடம் சொல்ல ஒரு கணக்கு: அடி ரிங்குகளை (சுவரின் கீழ்த் தகட்டு வளையங்களை) மட்டும் 5 மி.மீ. ஆக்கினால் அமுக்கம் 17.4-க்கு இறங்கும், குறைத்த பிறகும் தாங்குவது 59-க்கு ஏறும். மேலே 3 விடலாமா என்பதை ஒவ்வொரு ரிங்காகப் பாருங்க.

வாளையாறு வெல்டர்:
காலி சைலோவுக்குக் காற்றுக் கணக்கு போட்டீங்களா? இது பாலக்காட்டுக் கணவாய், ஆடியில் அடிக்கிற காத்து தெரியும்ல. கூரை ஏத்தறதுக்கு முன்னாடி மேல் விளிம்பு திறந்து நிற்கும்போது சுவர் உள்ளே மடங்கும். மேல் ரிங் ஸ்டிஃப்னரை (விளிம்பை விறைப்பாக்கும் வளையத்தை) முதல்லயே அடிச்சிடணும்னு டிராயிங்லயே எழுதுங்க, இல்லேன்னா சைட்ல கடைசிலதான் போடுவாங்க.