கட்டில், டைனிங் டேபிள், ஊஞ்சல் மட்டும்: சென்னையிலிருந்து மெல்பர்னுக்குக் கப்பலில்

கப்பல்கணக்கு:
சாமான் கொஞ்சம்தானே, செலவும் கொஞ்சம்தான் என்ற கணக்கு இதில் பலிக்காது. பிறர் சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் போவதற்கு எல்சிஎல் என்று பெயர். ஒரு கன மீட்டர் (சிபிஎம்) அல்லது ஒரு டன், எது கூடுதலோ அதற்குக் கூலி. மரச்சாமானுக்கு எப்போதும் கன அளவுதான் மாட்டும். அரை சிபிஎம் அனுப்பினாலும் பெரும்பாலும் ஒரு சிபிஎம்முக்கான கூலி கட்ட வேண்டும்.

கடல் கூலியை மிகக் குறைத்துச் சொல்லும் ஏஜென்ட்டிடம் உஷாராக இருங்கள். விட்டதை மெல்பர்னில் பிடித்துவிடுவார்கள். துறைமுகக் கையாளுதல், கன்டெய்னரைப் பிரிக்கும் கிடங்குக் கட்டணம், டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு), பயோசெக்யூரிட்டி சோதனை (பூச்சி, நோய் உள்ளே வராமல் தடுக்கும் சோதனை), இலவச நாட்கள் முடிந்த பின் கிடங்கு வாடகை என்று இவை தனித்தனியாக வரும். இவற்றில் பல, சாமான் ஒன்றானாலும் பத்தானாலும் ஒரே தொகை. ஆகவே விலை கேட்கும்போதே 'அங்கே கட்ட வேண்டியது எவ்வளவு' என்று வரிவரியாக எழுத்தில் வாங்குங்கள். 'டோர் டு போர்ட்' (துறைமுகம் வரை), 'டோர் டு டோர்' (வீடு வரை) இரண்டின் விலையையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

இழைப்புளி:
அளவு எடுப்பதில்தான் பாதிப் பணம் நிற்கிறது. குயீன் சைஸ் தேக்குக் கட்டில் பூட்டியபடி 210×160×110 செ.மீ., அதாவது 3.7 சிபிஎம். கழற்றினால் தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, இரண்டு பக்கச் சட்டம், குறுக்குப் பலகைக் கட்டு எல்லாம் சேர்த்து 0.4 தான். டைனிங் டேபிள் காலோடு 150×90×75, ஒரு சிபிஎம். காலைக் கழற்றினால் மேல்பலகை 0.07.

நாற்காலிதான் எமன். ஒன்று 0.21 வீதம் ஆறு நாற்காலி 1.26 சிபிஎம், கழற்றிய கட்டிலைப் போல மூன்று மடங்கு. இரண்டிரண்டாக இருக்கையோடு இருக்கை கவிழ்த்துக் கட்டினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆணி அடித்துப் பசை போட்ட நாற்காலியைக் கழற்ற முயலாதீர்கள், பொருத்து விட்டுவிடும்.

கூலி போடுவது பேக்கிங்கின் வெளி அளவுக்கு என்பதை மறக்க வேண்டாம். 0.07 மேல்பலகையைத் தனியாக ஃபோம், அட்டை, சட்டம் வைத்துக் கட்டினால் 160×100×15, கால் சிபிஎம் ஆகிவிடும். தட்டையானவற்றையெல்லாம் ஒரே மரப்பெட்டியில் நிறுத்தி அடுக்குவதே சரி. 220×125×45 பெட்டி ஒன்று (1.24 சிபிஎம்) போதும்: கட்டில் முழுக்க, டேபிள் மேல்பலகை, ஊஞ்சல் பலகை எல்லாம் அடங்கும். போல்ட், வாஷர், எல் சாவியை ஜிப் பையில் போட்டு அந்தந்தச் சட்டத்திலேயே டேப் ஒட்டுங்கள். பொருத்துகளுக்குப் பென்சிலால் எண் போடுங்கள்.

பாலிஷ் போட்ட மரத்தின் மேல் நேரடியாக ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றக் கூடாது. கன்டெய்னருக்குள் பகல் சூட்டில் ஈரம் கிளம்பி இரவில் கூரையிலிருந்து சொட்டும். உள்ளே சிக்கிய ஈரத்தில் பூஞ்சை பூக்கும். முதலில் காகிதம், பிறகு ஃபோம், அதன் மேல் அட்டை. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பைகள்.

அண்ணாநகர்2:
ஸ்டீல் பீரோ கொண்டுபோகலாமா சார்?

இழைப்புளி:
வேண்டாம் தம்பி. கழற்ற முடியாது, 0.9 சிபிஎம் பிடிக்கும். அங்கே பல வீடுகளில் சுவரோடு அலமாரி இருக்கிறது.

டான்டினாங் அக்கா:
ஆஸ்திரேலியாவில் கஸ்டம்ஸைவிடப் பயோசெக்யூரிட்டிதான் வேலை வைக்கும். வீட்டுச்சாமானுக்குப் பி534 படிவம் தர வேண்டும். வெளிநாட்டில் 12 மாதமாவது வைத்துப் பயன்படுத்திய சாமானுக்கு வரி கிடையாது. கிளம்புவதற்கு முன் புதிதாக வாங்கியதற்கு 10% ஜிஎஸ்டி வரலாம். அதனால் பட்டியலில் வாங்கிய வருஷத்தையும் எழுதுங்கள். 'மிஸலேனியஸ்' (இதர சாமான்) என்று ஒரு பெட்டிக்குப் பெயர் வைத்தால் அதைத்தான் முதலில் திறப்பார்கள்.

பெட்டி செய்யும் மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 (பேக்கிங் மரத்தில் பூச்சி இல்லாமல் செய்வதற்கான சர்வதேச விதி) முத்திரை வேண்டும்: ஐஎன் (IN, இந்தியா) என்ற நாட்டுக் குறி, எச்டி (HT, சூடேற்றியது) என்ற எழுத்து. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று அர்த்தம். ப்ளைவுட்டுக்கு இது தேவையில்லை, ஆனால் ப்ளைவுட் பெட்டிக்கு அடியில் அடிக்கும் கட்டைக்குத் தேவை. பேக்கர்கள் தவறவிடுவது இந்தக் கட்டையைத்தான்.

மாட்டுவது மரச்சாமான் மட்டுமில்லை, அதன் டிராயரில் கிடப்பதும்தான். அரிசி, பருப்பு, மிளகாய் வத்தல் போன்றவை தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு பயத்தால் 2020 முதல் இப்படிப் பெட்டியோடு வரக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தையில் கொட்டை கிடக்கும், கொண்டுவராதீர்கள். கொலு பொம்மையை வைக்கோலில் கட்டாதீர்கள். முறம், ஈர்க்குச்சி விளக்குமாறு எல்லாம் சென்னையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அம்மிக் குழிகளிலும் கட்டில் காலடியிலும் மண் இல்லாமல் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பின் கட்டுங்கள்.

உளுத்தமரம்:
அக்கா சொன்னதோடு ஒன்று. கட்டிலின் அடிப்பக்கம், பாலிஷ் போடாத பகுதி, டிராயரின் பின்பலகை ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். குண்டூசி அளவுத் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) உயிரோடு இருக்கிறது. ஒரு துண்டில் இருந்தால் போதும், புகை போடு, திருப்பி அனுப்பு அல்லது அழி என்பார்கள், எல்லாம் உங்கள் செலவில். மெத்தில் புரோமைடு புகை ரப்பர், ஃபோம், தோல் ஆகியவற்றில் பட்டால் போகாத நாற்றம் தங்கும். சோஃபாவை மரக் கட்டிலோடு அனுப்பத் தயங்குவதற்கு இதுவும் காரணம்.

காரைக்குடிச் சரக்கு:
செட்டிநாட்டுப் பழைய கதவு, தூண், சிற்ப வேலைப் பலகை வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளியே அனுப்ப முடியாது. பழசு போலத் தோன்றும் சாமானுக்கு, தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறைச் சான்று முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. ஈட்டி (ரோஸ்வுட்) மரம் 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. கனமான ஈட்டிச் சாமானுக்கு மரச் சான்று இல்லாமல் ஏற்ற வேண்டாம். தேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

அண்ணாநகர்2:
ஊஞ்சலுக்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

இழைப்புளி:
பலகை ஐந்தடிக்கு இரண்டடி என்றால் இடமே பிடிக்காது. பித்தளைச் சங்கிலியைத் துணியில் சுற்றித் தனி அட்டைப்பெட்டியில் போடுங்கள், பலகையோடு வைத்தால் உரசிப் பள்ளம் விழும். அங்கே கூரை பெரும்பாலும் மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை, கொக்கி தாங்காது. நாலு கால் இரும்புச் சட்டம் செய்து மாட்ட வேண்டும். சங்கிலி நீளத்தைச் சட்டத்தின் உயரத்துக்கேற்ப இங்கேயே பிரித்து, நடுவில் கழற்றக்கூடிய வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல்கணக்கு:
இன்ஷூரன்ஸ்: நீங்களே கட்டிய பெட்டிக்குப் பல பாலிசிகளில் முழு இழப்பு மட்டும்தான் கிடைக்கும், உடைசலுக்குக் கிடைக்காது. கண்ணாடி, கொலு பொம்மை என்றால் பேக்கரே கட்டட்டும். சரக்கு வீடு வந்ததும் டெலிவரிச் சீட்டில் கையெழுத்திடுவதற்கு முன் பெட்டி எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, நசுங்கியதை அந்தச் சீட்டிலேயே எழுதிப் படம் எடுத்துவிடுங்கள்.