‘பிறபொருளெதிரி’ இங்கே பொருந்துமா? – தைராய்டு கையேட்டுக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நோயாளர் கையேட்டின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அதில் எந்தத் தமிழ்ச் சொற்களை ஆள்வது என்று இவ்விழையில் இதுவரை வந்த கருத்துகளை ஒட்டி என் முடிவைத் தெரிவிக்கிறேன்.

கிருமி போன்ற பிறபொருளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான ஆன்டிபாடிக்குப் ‘பிறபொருளெதிரி’ நல்ல சொல்தான். ஆனால் சொந்த உடலின் தைராய்டு சுரப்பியையே நாடிச் செல்லும் ஆன்டிபாடியை அப்பெயரால் எப்படி அழைப்பது? ‘தன்பிறபொருளெதிரி’ என்ற முன்மொழிவு தன்னைத்தானே மறுக்கிறது. மற்றொரு முன்மொழிவான ‘தற்பொருளெதிரி’ புணர்ச்சிப் பிழை என்று இவ்விழையில் எழுதிய அம்மையாருக்கு: ‘தன்’ என்பதன் ஈறு வல்லினத்தின் முன் உறழும் என்கிறது நன்னூல், தன்பகை, தற்பகை இரண்டும் சரியே.

என் தடை புணர்ச்சியில் இல்லை, ‘எதிரி’யில் இருக்கிறது. தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் அந்த ஆன்டிபாடி, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் இயக்குநீர், அதாவது ஹார்மோன்) வந்து பற்றும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, டிஎஸ்எச் செய்யும் வேலையையே ஓயாமல் செய்து சுரப்பைத் தூண்டுகிறது. சிலரிடம் ஆண்டுகள் கழித்துத் தூண்டும் வகை தணிந்து தடுக்கும் வகை மேலோங்க, மிகைச்சுரப்பு குறைச்சுரப்பாகிவிடுகிறது. அரிதாக இது எதிர்த்திசையிலும் நிகழ்கிறது. ஆன்டிபாடிகளோடு தைராய்டு மெல்லச் சிதையும் ஹாஷிமோட்டோ நோயின் தொடக்கத்திலோ, சிதையும் சுரப்பியில் சேமிப்பாக இருந்த இயக்குநீர் இரத்தத்தில் கசிந்து சில காலம் மிகுந்து நிற்பதுண்டு. அங்கே சுரப்பு அதிகரிக்கவே இல்லை. அதையும் ‘மிகைச்சுரப்பு’ என்று எழுதினால், சுரப்பைக் குறைக்கும் மாத்திரை தமக்கு ஏன் தரப்படவில்லை என்று நோயாளர் கலங்குவார். ஆகவே ‘கசிவுமிகை’ என்ற தனிச்சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மிகைச்சுரப்பு குறைச்சுரப்பாக மாறுவதற்கு ‘உருமாற்றம்’ என்ற சொல் வேண்டாம். அது திசுவின் வடிவம் மாறுவதாகத் தோன்றச் செய்யும். ‘நிலைமாற்றம்’ போதும். தைராய்டுக்குச் சிலர் சொன்ன ‘கேடயச் சுரப்பி’ அதன் கிரேக்க வேர்ப்பொருளுக்கு நேரானது என்பது உண்மை. எனினும் ஆய்வக அறிக்கையில் ‘தைராய்டு’ என்று படித்தவர் கையேட்டில் அச்சொல்லையே தேடுவார்.

உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே உடலைத் தாக்கும் இவ்வகை நோய்களின் பொதுப்பெயராகத் ‘தன்னெதிர்ப்பு நோய்’ என்பதற்குப் பெரும்பாலோர் இசைந்திருப்பதால், முழு மனமின்றி அதையே எழுதுகிறேன். கிரேவ்ஸ் இயலில் மட்டும் ‘எதிரி’யைத் தவிர்க்க விரும்பினேன். ‘தன்’னுடன் ‘தூண்டி’யைச் சேர்த்தால் இலக்கணப்படி ‘தற்றூண்டி’ ஆகும். புதிதாக நோய் கண்ட ஒருவரிடம் அச்சொல்லை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ‘தூண்டும் ஆன்டிபாடி’ என்றே விட்டிருக்கிறேன். தூய தமிழ் அன்பர்கள் இதைவிடத் தெளிவான சொல்லை வியாழன் இரவுக்குள் அனுப்பினால் மகிழ்ச்சியோடு மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.