தவறு வேண்டாம், பிசகு என்போம்

ஐயா,

‘ஹியூமன் எரர் அசெஸ்மென்ட்’, அதாவது வேலையில் மனிதர் எங்கே, எவ்வளவு தவறக்கூடும் என்று முன்கூட்டிக் கணிப்பது, இதற்குத் தமிழில் ‘மனிதத் தவறு மதிப்பீடு’ என்ற உங்கள் பரிந்துரை எனக்கு ஒட்டவில்லை. தவறு என்றதுமே ‘யார் செய்தது?’ என்ற கேள்விதான் முந்திக்கொண்டு வரும். கப்பல் எஞ்சின் ரூமில் அப்படிக் கேட்டுவிட்டால், அப்புறம் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ‘பிசகு’ என்று வைத்துப் பாருங்கள். “கை பிசகிடுச்சு சீஃப்” என்று கூசாமல் சொல்லலாம். ஆகவே, பணிப்பிசகுக் கணிப்பு.

பிசகின் உட்பிரிவுகளுக்கு ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொள்கிறேன்: இரட்டை அறை எரிபொருள் ஃபில்டர். ஓர் அறை ஓடும்போது மற்றதைத் திறந்து கழுவுவோம். ஓடும் அறையில் கன எண்ணெய் 130 பாகை செல்சியஸ் வாக்கில், அழுத்தத்தோடு நிற்கும். ஒருமுறை விடியற்காலை வாட்சில் (காவல் முறைப் பணியில்), திறக்க வேண்டியது ஒன்றாம் அறை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், இரண்டாம் அறை மூடியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டுவிட்டேன். அரைச் சுற்று. விளிம்பில் எண்ணெய் கசிந்த பிறகுதான் உறைத்தது. பீய்ச்சி அடித்திருந்தால் எக்ஸாஸ்ட் குழாய் மேல்தான் விழுந்திருக்கும். எண்ணெய் தெறிக்கக்கூடிய இடத்தில் 220 பாகைக்கு மேல் சூடேறும் பரப்பைக் காப்புறையால் மூடச் சொல்லும் சோலாஸ் (கப்பல் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை) விதி இதற்காகத்தான். நினைத்தது சரி, செய்தது வேறு. இது கைப்பிசகு.

கழுவி மூடும்போது ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) போட மறந்தால்? பொச்சாவாமைக்கென்றே (சோர்ந்து மறந்துவிடாமைக்கு) குறளில் ஓர் அதிகாரம் (54) இருப்பதால், ‘பொச்சாப்பு’ என்று சொல்ல ஆசைதான். ஆனால் அங்கே பேசப்படுவது உவகை மயக்கத்தில் வரும் சோர்வு. எங்களுக்கு வருவதோ தூக்கக் கலக்கத்தில். ‘விடுபிசகு’ என்று வைக்கிறேன். பழைய ஓ-ரிங்கே இன்னொரு முறை தாங்கும் என்று நம்பிப் போட்டால் கருத்துப்பிசகு. பெர்மிட் (வேலைக்கான அனுமதிச் சீட்டு) எழுதாமல் திறப்பது பிசகில் சேராது. அது தெரிந்தே செய்வது, மீறல். மனிதத் தவறுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் 1990இல் மீறலைத் தனியாகத்தான் வைத்தார்.

அடுத்து எண்கள். ‘நிகழ்தகவு’ பாடநூலில் ஊன்றிவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். ஹார்ட் (HEART) என்ற பிசகுக் கணிப்பு முறையில், கைவந்த, வழக்கமான, விரைவாகச் செய்யும் வேலைக்கு அடிப்படைப் பிசகு நிகழ்தகவு 0.02. நேர நெருக்கடி அதை 11 மடங்குவரை ஏற்றும். அன்று இருந்தது முழு நெருக்கடியில் 0.4 பங்கு என்று வைத்தால், (11−1)×0.4+1 = 5 மடங்கு; 0.02 என்பது 0.1 ஆகிறது. பத்துக்கு ஒன்று! அந்த 0.4ஐ எந்தக் கருவியும் காட்டாது, கணிப்பவர்தான் போட வேண்டும். ‘அளவீடு’ என்று எழுத எனக்குக் கை வராதது அதனால்தான்.

இப்படிப் பெருக்கிவிடும் நிலைமைகளுக்கு, வினையூக்கியின் சாயலில் ‘பிசகூக்கி’ என்று எழுதிப் பார்த்தேன். சொல்லும்போதே நாக்கு பிசகுகிறது. ‘பிசகுச் சூழல்’ போதும்.

விடுபிசகு மட்டும் இன்னும் உறுத்துகிறது. ‘கணக்கில் விடுபட்ட பிசகு’ என்று படித்துவிடுவார்களோ? உங்களுக்கு வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.