மோட்டார்ஹோம் டயருக்கு எவ்வளவு காற்று? 5.5 பாரில் இடுப்பு கழன்றுபோகிறது

லெனேசியா வண்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினேன். ஃபியட் டுகாட்டோ, தகட்டில் மொத்த எடை எல்லை 3500 கிலோ, பின்னால் ஒற்றைச் சக்கரம், டயர் 225/75ஆர்16சிபி. விற்றவர் நாலு டயரிலும் 5.5 பார் அழுத்தத்துக்குக் காற்று அடித்து, "இதுதான் கணக்கு, தொடாதீங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். ஒத்திகை மாதிரி ஹார்ட்பீஸ்போர்ட் அணை வரைக்கும் போய்வந்தோம். அப்பப்பா! ஒவ்வொரு குழிக்கும் ஸ்டியரிங் கையை உதறுகிறது, அலமாரியில் இருந்த தட்டும் டம்ளரும் வழியெல்லாம் கச்சேரி, பின்னால் உட்கார்ந்த அம்மா இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

ஈஸ்டருக்கு எட்டுப் பேர் இல்லை, நாலே பேர்தான், டர்பன் போகிறோம். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வேண்டுதல். என் மச்சான் தன் பக்கியை, அதான் பிக்கப் வண்டியை, கடற்கரை மணலில் ஓட்டுகிறவர், "3 பாருக்கு இறக்கு, பஞ்சு மெத்தை மாதிரி போகும்" என்கிறார். இறக்கலாமா? எவ்வளவு வரைக்கும்?

பழைய லாரி:

தம்பி, மச்சானை விருந்துக்குக் கூப்பிடுங்கள், டயர் விஷயத்தில் மட்டும் வேண்டாம். மணலில் அவர் ஊர்ந்து போகிறார், உங்கள் வண்டி ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் என்3 சாலையில் நூறில் போகப்போகிறது, அதுவும் ஈஸ்டர் கூட்டத்தில். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அப்போது விரல் சுடும் பாருங்கள், அதே கதை. வெளியில் பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ரப்பரும் இழையும் பிரிந்துகொண்டிருக்கும், வான் ரீனன் கணவாய் இறங்கும்போதோ பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் இறக்கத்திலோ ஒரு நாள் படார்.

ஆனால் 5.5 நாலு டயருக்கும் வேதவாக்கு என்று விற்றவர் சொன்னதும் சரியில்லை. எடை தெரியாமல் காற்றைப் பற்றிப் பேசுவது ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போலத்தான். முதலில் எடை போடுங்கள். காலி வண்டியாக இல்லை, பயணத்துக்குக் கிளம்பும் கோலத்தில்: தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், டீசல், சாமான், நாலு பேரும் உள்ளே. மணல் குவாரி, பழைய இரும்பு வாங்குகிற இடம், விவசாயக் கூட்டுறவு, இங்கெல்லாம் எடைமேடை இருக்கும். முன் சக்கரம் மட்டும் மேலே ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு சீட்டு. முடிந்தால் இடது வலது தனித்தனியாகவும் பாருங்கள். ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் கனமாக இருக்கும். கனமான பக்கத்துக்கு என்ன காற்று வேண்டுமோ அதையே அந்த ஆக்சிலின் (சக்கர அச்சின்) இரண்டு பக்கத்துக்கும் வைக்க வேண்டும்.

ரப்பர் வாசனை:

டயர் கடையில் 11 வருஷம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. சிபி என்று போட்டிருப்பது கேம்பர் வண்டிக்கென்றே செய்த டயர். வீட்டைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் என்று தெரிந்து பக்கச் சுவரைக் கெட்டியாகக் கட்டியிருப்பார்கள். 5.5 பின்னால் வழக்கமான அளவு, சில கம்பெனிகள் பின்பக்கத்தில் அதைவிட்டு இறங்கவே சம்மதிக்காது. முன்பக்கம் வேறு. பெரும்பாலான வண்டிகளில் முன்னால் எடை குறைவு, அங்கேயும் 5.5 அடித்தால் டயர் கல்லாகிவிடும், ஸ்டியரிங் உதறல் அதில் வருகிறதுதான். எடைச் சீட்டோடு டயர் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள், டயர் அளவும் பக்கத்தில் அச்சடித்திருக்கும் லோடு எண்ணும் (எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான எண்) சேர்த்து. அவர்களிடம் அட்டவணை இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம், கடையில் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒன்று வால்வு. கார்களில் வரும் சாதாரண ரப்பர் வால்வு 4.5 பாருக்கு மேல் தாங்கும்படி செய்ததில்லை. பழைய வண்டி என்கிறீர்கள், யாராவது டயர் மாற்றும்போது மலிவு வால்வைச் சொருகியிருக்கலாம், உலோக வால்வா என்று பாருங்கள். இன்னொன்று வயசு. டயரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்: 2316 என்றிருந்தால் 2016-ல் 23-வது வாரம் செய்தது. மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று வெயிலில் காய்ந்து சாகும். டயரின் வரிப்பள்ளம் புதுசு மாதிரி ஆழமாக இருக்கும், ரப்பர் கட்டை மாதிரி ஆகியிருக்கும். அந்தக் கட்டைதான் பாதிக் குலுக்கல்.

அப்புறம் காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் நிற்பவர் சூடான டயரில் அளந்துவிட்டு "ஜாஸ்தியா இருக்கு" என்று நல்ல மனதோடு இறக்கிவிடுவார், விடாதீர்கள். ஓடினால் ஏறத்தான் செய்யும். அங்கே காற்று அளக்கும் கேஜ் கிலோபாஸ்கலில் இருந்தால் 550 என்பது உங்கள் 5.5, பழைய ஆட்கள் கணக்கில் 80 பிஎஸ்ஐ. காரில் வைத்திருக்கும் குட்டிக் கம்ப்ரசரை நம்பாதீர்கள், நாலைத் தாண்டும்போதே முக்க ஆரம்பிக்கும்.

மலைப்பக்கம்:

ஒரு சந்தேகம், ஜோஹன்னஸ்பர்க் 1700 மீட்டருக்கு மேலே, டர்பன் கடல் மட்டம். மேலே அடித்த காற்று கீழே குறைவாகக் காட்டாதா? மலைமேல் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கீழே வந்ததும் சப்பையாகிறதே.

இன்னொன்று, டிராக்கன்ஸ்பர்க் பக்கம் மண்சாலையில் நான் 0.5 இறக்கித்தான் ஓட்டுவேன், ஒன்றும் ஆனதில்லை. எல்லாவற்றுக்கும் பயந்தால் எப்படி?

ரப்பர் வாசனை:

சிப்ஸ் பாக்கெட் உதாரணம் சரிதான். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. கீழே இறங்கினால் வெளிக்காற்று ஏறுகிறது, அதனால் கேஜ் சுமார் 0.2 பார் குறைத்துக் காட்டும். ஆனால் டர்பன் வெக்கை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும், 5 பார் டயரில் 10 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட அதே 0.2 ஏறும். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் ஒரு முறை பார்த்தால் போதும்.

மண்சாலைக்கு இறக்குவது உங்கள் இஷ்டம், நாற்பதில் போகிறீர்கள் என்றால் நானும் சண்டை போட மாட்டேன். தார் ரோட்டுக்குத் திரும்பும்போது ஏற்ற உங்களிடம் நல்ல கம்ப்ரசர் இருக்கிறதா? பெரும்பாலானவர்களிடம் இல்லை, "அடுத்த பங்க்கில் பார்த்துக்கலாம்" என்று அப்படியே நூறில் போகிறார்கள். அந்த டயரைத்தான் நாங்கள் கடையில் பார்ப்போம்.

லெனேசியா வண்டிக்காரன்:

நேற்று எடை போட்டுவிட்டு வந்தேன், வயிறு கலங்கிப்போயிருக்கிறது. முன்னால் 1560, பின்னால் 2040, மொத்தம் 3600. நூறு கிலோ அதிகம்! என் தகட்டில் பின் ஆக்சில் எல்லை 2000, அதையும் தாண்டிவிட்டேன். காற்றை இறக்கலாமா என்று கேட்க வந்தவன் நான்.

பின் பம்பருக்கு மேலேயே இருக்கிற 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அங்கேயே திறந்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பின்னால் 1910, முன்னால் 1590. நூறு கிலோ குறைத்தால் பின்னால் நூற்று முப்பது எப்படிக் குறைந்தது என்று எடைமேடைக்காரரிடமே கேட்டேன், அவர் சிரித்துவிட்டு ஒரு குச்சியை விரலில் வைத்துக் காட்டினார்.

பழைய லாரி:

ஏற்றம் இறைக்கிற கதைதான். பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற எடை முன்பக்கத்தைத் தூக்கும், அந்தச் சுமையும் பின் டயர் தலையிலேயே விழும். சைக்கிள் மாட்டுகிற ஸ்டாண்ட் பின்னால் இருந்தால் அதையும் கழற்றுங்கள். 3500-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இன்னும் ஐம்பதாவது குறையட்டும். தண்ணீர் டர்பனிலும் கிடைக்கும்.

லெனேசியா வண்டிக்காரன்:

டயர் கம்பெனி பதில் வந்துவிட்டது. என் எடைக்கு, என் டயருக்கு, முன்னால் 3.8, பின்னால் 5. வேறு யாரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வால்வு நாலும் உலோகம், நல்லவேளை. ஆனால் பின் டயர் இரண்டும் 2014-ல் செய்தவை, பக்கத்தில் நுணுக்கமாக வெடிப்பு, ஈஸ்டருக்கு முன்னால் மாற்றிவிடுகிறேன். ஷாக் அப்சார்பர் ஒன்று எண்ணெய் ஒழுகுகிறது என்று மெக்கானிக் சொன்னார், அதற்கும் செலவு.

இன்று காலை முன்னால் 3.8 வைத்து ஒரு சுற்று போய்வந்தேன், உதறல் பெரும்பாலும் போய்விட்டது. அம்மா நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் இடுப்பைப் பிடிக்காமல் இறங்கினார். தட்டுக்கு நடுவில் துணி வைத்துவிட்டேன். மச்சானும் பயணத்துக்கு வருகிறேன் என்கிறார், 95 கிலோ. பக்கியிலேயே பின்னால் வரச் சொல்லிவிட்டேன்.