புதுப்பிப்பு: பார்வோ வந்த குட்டிக்கு வெள்ளை அணுக்கள் ஏறிவிட்டன

எங்கள் நாய்க்குட்டிக்குப் பார்வோ (நாய்களின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்), ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 1,800-க்கு இறங்கிவிட்டன என்று எழுதியிருந்தேன். இன்று 7,400! நாய்களுக்குச் சாதாரணமாக 6,000 முதல் 17,000 வரை இருக்கும்.

குடல் நோய்க்கு ரத்தம் ஏன் கெடுகிறது என்று கேட்டீர்கள். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இந்த வைரஸ் தேடிப் பிடிக்கும். குடல் உட்சுவரோடு, வெள்ளை அணுக்கள் உருவாகி வளரும் எலும்பு மஜ்ஜை, தைமஸ், நிணநீர் முடிச்சுகள் எல்லாமே அடிபடும். புண்ணான குடல் வழியாகப் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழையும் நேரத்தில், தடுக்கப் போதுமான நியூட்ரோபில்கள் (பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள்) இருக்காது. பயமே அங்கேதான். டிரிப்போடு ஆன்டிபயாடிக் போட்டதும் அதற்காகத்தான்.

லிம்போசைட்டுகளும் (இன்னொரு வகை வெள்ளை அணுக்கள்) ஏறியிருப்பது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். வாந்தி நின்றுவிட்டது, கொஞ்சம் கஞ்சி குடித்தான். அப்புறம், வீட்டில் நாய் வைத்திருப்பவர்கள் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும்.