ஆட்டிசப் பையனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்: அப்ளிகேஷனே வாங்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

நைட்டூட்டி:
எல்லாருக்கும் வணக்கம். யூகே வந்து ஒண்ணேகால் வருஷம் ஆகுது. பையனுக்கு ஆட்டிசம். இப்ப போற ஸ்கூல்ல அவனால சமாளிக்க முடியலை. தினமும் பதினோரு மணி ஆனா போன் வந்துடும், "வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு. நான் நர்ஸ், நைட் ஷிஃப்ட் முடிச்சு ஒன்பது மணிக்குத்தான் படுக்கறேன். வீட்டுக்காரர் இனி ஒரு நாள் லீவு கேட்டாலும் வேலை போயிடும்.

முக்கால் மணி நேரத் தூரத்துல ஆட்டிசப் பிள்ளைங்களுக்குன்னே ஒரு ஸ்கூல் இருக்கு. முந்தாநாள் போய்ப் பார்த்தோம். ஒரு கிளாஸ்ல எட்டே பேர். மணி அடிக்கறதே இல்லை. இவன் உள்ள போனதும் ஷூவைக் கழட்டி எறிஞ்சுட்டு மூலைல போய் உக்காந்துக்கிட்டான். யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒரு டீச்சர் அந்த ஷூவை எடுத்து ஜோடியா அவன் பக்கத்துல வெச்சுட்டுப் போனாங்க, அவ்ளோதான். எனக்கு அழுகை வந்துடுச்சு. ஆனா ஆபீஸ்ல ஃபார்ம் கேட்டா "பெற்றோர்கிட்ட நேரா வாங்கறதில்லை"ங்கறாங்க. அப்ப யார்கிட்டதான் கேக்கறது? இந்த வாரமே ஏதாவது பண்ணியாகணும். ப்ளீஸ்.

குளிர்தாங்கி:
முதல்ல ஜிபியை, அதான் உங்க குடும்ப டாக்டரை, பார்த்து ரெஃபரல் வாங்குங்க. நாங்க என் பொண்ணுக்கு டயக்னோசிஸ் வாங்கவே ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்தோம். லெட்டர் வந்த அன்னிக்கு வீடு மாறியிருந்தோம், பழைய விலாசத்துக்குப் போயிடுச்சு. மறுபடி வரிசையில கடைசி. அந்த ஆறு மாசம் நான் எப்படிச் சாப்பிட்டேன் தூங்கினேன்னே ஞாபகம் இல்லை. அதனால விலாசம் மாறினா உடனே சொல்லிடுங்க.

வல்லையக்கா:
தங்கச்சி, பிள்ளைக்கு எத்தினை வயசு எண்டு நீங்கள் சொல்லேல்லையே. நான் 2001இல வந்தனான். ஒரு அறைக்குள்ள நாலு பேர். மூத்தவன் அஞ்சு வயசு மட்டும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. ரீச்சர் சொல்லுறது எனக்கு விளங்காது, நான் சொல்லுறது அவவுக்கு விளங்காது. எங்கட சனம் என்ன சொல்லிச்சுதெண்டால், தாய் வேலைக்குப் போறபடியால்தான் பிள்ளை இப்பிடி எண்டு. அப்ப ஸ்பெஷல் பள்ளிக்கூடம் தாறம் எண்டவை, நான் மாட்டன் எண்டிட்டன். சாதாரண பள்ளிக்கூடத்திலேயே படிச்சு இப்ப வேலை செய்யிறான். அவசரப்பட்டு மாத்தாதேங்கோ.

பவுண்டுப்பாண்டி:
அக்கா சொல்றது அந்தக் காலம். கவுன்சிலை, அதான் உள்ளூராட்சியை, நம்பிக் காத்திருந்தா பையனுக்கு மீசை முளைச்சுடும். பிரைவேட் ஸ்பெஷல் ஸ்கூல்ல காசு கட்டிச் சேர்த்துடுங்க, பிறகு கவுன்சில்கிட்ட சண்டை போட்டு வாங்கிக்கலாம்.

குளிர்தாங்கி:
ஒரு நர்ஸ் சம்பளத்துலயா? ஏதாவது சொல்லணும்னு சொல்லாதீங்க.

கார்டிஃப்காரன்:
யூகேன்னா எங்க? எங்க வேல்ஸ்ல ஐ.டி.பி.ன்னு ஒரு திட்டம், தனிச்சட்டம். ஸ்காட்லாந்துல வேற, வட அயர்லாந்துல வேற. ஊர் சொல்லாம கேட்டா இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நான் இங்க வந்து மூணு மாசம் இங்கிலாந்து ஃபார்மை டவுன்லோட் பண்ணி நிரப்பிக்கிட்டு இருந்தேன், சிரிக்காதீங்க.

நைட்டூட்டி:
சாரி, படபடப்புல விட்டுட்டேன். இங்கிலாந்துதான், லண்டன்ல இருந்து தள்ளி. பையனுக்கு ஆறு வயசு. டயக்னோசிஸ் இந்தியாவுலயே ஆயிடுச்சு, ரிப்போர்ட் இருக்கு. பேச்சு பத்துப் பதினஞ்சு வார்த்தைதான். டாய்லெட்ல கை காயவைக்கற மெஷின் சத்தம் கேட்டா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஓடி வந்துடுவான். அதனால ஸ்கூல்ல டாய்லெட்டே போறதில்லை, அடக்கி வெச்சுக்கறான். பதினோரு மணிக்கு அவன் கத்தறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்னு எனக்குத் தோணுது, சொன்னா யாரும் காதுல போட்டுக்கலை.

இன்னொண்ணு. கவுன்சில்ல இதெல்லாம் கேட்டா விசா ரினியூவல்ல பிரச்சினை வரும்னு வீட்டுக்காரர் பயப்படறார். நிஜமா?

பவுண்டுப்பாண்டி:
அண்ணன் பயப்படறதுல நியாயம் இருக்கு. விசாவுல "நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்"னு, அதாவது அரசு உதவிப் பணம் வாங்கக்கூடாதுன்னு, போட்டிருக்கும். கவுன்சில் பணம் எதையும் தொடாதீங்க.

இரண்டாம்அப்பீல்:
பாண்டி, தெரியாததைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க. பள்ளிக் கல்வி பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்குலயே வராது. ஈ.எச்.சி.பி.ன்னு பிள்ளைக்கு என்ன தேவை, என்ன உதவின்னு கவுன்சில் எழுதித் தர்ற திட்டம் இருக்கே, அதுவும் கல்விதான், ஸ்பெஷல் ஸ்கூல் இடமும் கல்விதான். விசாவைப் பத்திக் கவலைப்படாம கேக்கலாம். வேற விஷயம் ஒண்ணு இருக்கு: டி.எல்.ஏ.ன்னு பிள்ளைங்களுக்கு மாசாமாசம் தர்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை. அது பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியல்ல இருக்கு. உங்க விசாவுல அந்தத் தடை இருந்தா அதைக் கேக்காதீங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு எத்தனையோ பேர் ஸ்கூலே கேக்காம இருக்காங்க.

வல்லையக்கா:
அதுதான் சரி. என்ர மச்சாள் ஒருத்தி இந்தப் பயத்திலேயே நாலு வருசம் பேசாமல் இருந்தவ.

குளிர்தாங்கி:
கவுன்சிலுக்குப் போன் போட்டுப் பாருங்க தெரியும். நாப்பது நிமிஷம் பாட்டு. எடுக்கறவங்க "அது வேற டிபார்ட்மென்ட்"னு மாத்துவாங்க, லைன் கட். எங்க கேஸைப் பார்த்தவங்க ஒரு வருஷத்துல மூணு பேர். ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து கதை சொல்லணும்.

சத்தமில்லாதவன்:
எங்க வீட்டுல அதைவிடக் கொடுமை. சொந்தக்காரங்க வீடியோ கால் போட்டு "இன்னும் பேசலையா"ன்னு இவன்கிட்டயே கேக்கறாங்க. ஸ்கூல்ல ஒருத்தங்க, "வீட்டுல ரெண்டு மொழி பேசறதுதான் குழப்பம், இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்க"ன்னாங்க. நானும் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல பையன்கிட்ட ஆபீஸர் மாதிரி பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட்தான் திட்டினாங்க, "உங்களுக்குச் சரளமா வர்ற மொழியில பேசுங்க"ன்னு.

பவுண்டுப்பாண்டி:
ஊருக்கே திரும்பிடலாமான்னு தோணும் சில நாள்.

வல்லையக்கா:
எந்த ஊருக்கு எண்டு எங்களைக் கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது.

இரண்டாம்அப்பீல்:
புலம்பலை அப்புறம் வெச்சுக்கலாம், கேட்டவங்க தூங்காம உக்காந்திருக்காங்க. நைட்டூட்டி, ஒரே கேள்வி. ஸ்கூல்ல சிறப்புத் தேவைப் பிள்ளைங்களைப் பார்த்துக்கற டீச்சர், அதான் சென்கோ, ஈ.எச்.சி.பி.க்கு மனு போட்டாங்களா? கவுன்சில்ல இருந்து லெட்டர் ஏதாவது வந்திருக்கா?

நைட்டூட்டி:
சென்கோ போன வருஷம் ஏதோ போட்டாங்க. சைக்காலஜிஸ்ட் ஒருத்தங்க வந்து பார்த்தாங்க, ஸ்பீச் தெரபிஸ்டும் வந்தாங்க. போன வாரம் தடியா ஒரு கவர் வந்துச்சு. அதுக்கு மேல "டிராஃப்ட்"னு போட்டிருக்கு. முப்பது பக்கத்துக்கு மேல. கடைசியா செக்‌ஷன் ஐ-ன்னு இருக்கற இடத்துல ஸ்கூல் பேர் போடணுமாம், அங்க ஒண்ணுமே எழுதலை, வெறும் கட்டம். எந்த ஸ்கூலும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்கன்னுதான் நாங்களே நேரா தேடிக்கிட்டுப் போனோம்.

குளிர்தாங்கி:
அட, இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஜிபிகிட்டப் போகச் சொல்லியிருக்கவே மாட்டேன்!

இரண்டாம்அப்பீல்:
வந்திருக்கறது ஈ.எச்.சி.பி.யோட டிராஃப்ட், அதாவது வரைவு. அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கணும். டிராஃப்ட்ல கவுன்சில் ஸ்கூல் பேரை எழுதக்கூடாதுங்கறதே சட்டம். முதல்ல நீங்க சொல்லணும், அதுக்காக விட்டு வெச்ச இடம் அது. நீங்க தேடற அப்ளிகேஷன் ஃபார்ம் உங்க வீட்டு மேஜை மேலயே இருக்கு.

டிராஃப்ட் கிடைச்ச நாள்ல இருந்து குறைஞ்சது 15 நாள் உங்களுக்குத் தரணும். கூட வந்த லெட்டர்ல கடைசித் தேதி போட்டிருக்கும், அதை இப்பவே பாருங்க. அதுக்குள்ள லெட்டர்ல பேர் இருக்கற ஆபீஸருக்கு ஈமெயில் போடுங்க. நீளமா வேண்டாம்: சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் ஆக்ட் 2014, பிரிவு 38-ன்படி இந்த ஸ்கூலை செக்‌ஷன் ஐ-ல எழுதக் கோருகிறேன், அவ்வளவுதான். ஆபீஸரை நேர்ல பார்க்கணும்னா அதையும் அதுலயே கேளுங்க, அது உங்க உரிமை.

பிறகு கவுன்சில் அந்த ஸ்கூலுக்கு எல்லாப் பேப்பரையும் அனுப்பிக் கருத்துக் கேக்கும். மறுக்கணும்னா பிரிவு 39-ல சொன்ன காரணம் இருக்கணும்: பையனோட வயசுக்கோ திறனுக்கோ தேவைக்கோ பொருந்தாது, இல்ல மத்தப் பிள்ளைங்க படிப்பு கெடும், இல்ல செலவு நியாயமில்லை. "ஃபுல் ஆயிடுச்சு"ங்கறது மட்டும் காரணம் ஆகாது. பேர் எழுதிட்டா ஸ்கூல் சேர்த்துக்கிட்டே ஆகணும். ஆனா ஒண்ணு விசாரிச்சுக்கங்க. அரசு ஸ்பெஷல் ஸ்கூலோ, அரசுப் பணத்துல நடக்கற அகாடமியோன்னா பிரச்சினை இல்லை. தனியார்னா "அரசு அங்கீகரிச்ச பிரிவு 41 பட்டியல்ல இருக்கீங்களா"ன்னு கேளுங்க. அதுலயும் இல்லைன்னா, முதல்ல அவங்களே இடம் தர்றோம்னு எழுதிக் கொடுக்கணும்.

ஸ்கூல் பேரை மட்டும் அனுப்பிட்டு நிம்மதியாகிடாதீங்க. நான் கோட்டை விட்டது அங்கதான். செக்‌ஷன் பி-ல அவன் தேவைகள், எஃப்-ல அதுக்கு என்ன செய்வாங்கங்கறது. பென்சில் எடுத்து பி-ல ஒவ்வொரு வரிக்கும் எஃப்-ல ஜோடி இருக்கான்னு டிக் போடுங்க. "வாய்ப்பு அளிக்கப்படும்", "தேவைப்படும்போது" அப்படின்னு இருக்கற இடத்தையெல்லாம் அடிச்சுட்டு யார், வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிஷம்னு எழுதச் சொல்லுங்க. நாங்க அந்த வழவழ வார்த்தையோட விட்டுட்டோம். ஸ்பீச் தெரபி டேர்முக்கு ஒரு தடவை வந்துச்சு, சண்டை போட எங்க கையில ஒரு வரி கூட இல்லை.

அந்த ஹேண்ட் டிரையர் விஷயம் பி-ல இருக்கா?

நைட்டூட்டி:
இருங்க பார்க்கறேன்.

நைட்டூட்டி:
"சத்தத்துக்குக் கூச்சம் உண்டு"ன்னு ஒரே ஒரு வரி. டாய்லெட் பத்தி எதுவும் இல்லை.

இரண்டாம்அப்பீல்:
அப்ப அதைத்தான் முதல்ல எழுதணும். எத்தனை மணி நேரம் அடக்கறான், வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்குது, எல்லாம். எஃப்-ல "டிரையர் இல்லாத டாய்லெட்"னு பச்சையா வரணும். இந்த ஒரு வரியே, உங்களுக்கு ஏன் அந்த ஸ்கூல் வேணும்னு பாதி சொல்லிடும்.

பதினோரு மணி போன்: சஸ்பென்ஷன்னு எழுத்துல தராம "கொஞ்சம் அமைதியாகட்டும், கூட்டிட்டுப் போங்க"ன்னு அனுப்பறது இங்கிலாந்துல சட்டவிரோதம், நீங்களே சம்மதிச்சாலும். சண்டை போடச் சொல்லலை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் "இன்று 11.05க்கு அழைத்தீர்கள், காரணம் இது"ன்னு ஸ்கூலுக்கு ஒரு மெயில் தட்டி விடுங்க. நாளைக்கு அந்தப் பட்டியல்தான் பேசும்.

கவுன்சில் கடைசியில வேற ஸ்கூல் பேரை எழுதினா ஃபைனல் லெட்டர் தேதியில இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள டிரிப்யூனலுக்கு, அதாவது தீர்ப்பாயத்துக்கு, போகலாம், ஃபீஸ் கிடையாது. அதுக்கு முன்னாடி உங்க கவுன்சில் பகுதியில பெற்றோருக்கு ஆலோசனை சொல்ற செண்டியாஸ்ல பேசுங்க, இலவசம், டிராஃப்டை உங்களோட உக்காந்து படிப்பாங்க. சிறப்புக் கல்விச் சட்டத்துல பெற்றோருக்கு உதவற இப்சியாங்கற அமைப்போட தளத்துல மாதிரிக் கடிதங்கள் இருக்கு.

கார்டிஃப்காரன்:
போக்குவரத்தையும் கேளுங்க. முக்கால் மணி நேரத் தூரத்து ஸ்கூலை மட்டும் எழுதினா, அவன் இலவசமாப் போய்வர கவுன்சில் ஏற்பாடு பண்ணணும். ஆனா சில கவுன்சில் பக்கத்துல இருக்கற ஸ்கூலையும் சேர்த்து எழுதிட்டு, "தூரத்து ஸ்கூல் வேணும்னா நீங்களே கொண்டு விடுங்க"ன்னு ஒரு வரி சொருகும். இங்கிலாந்துல இருக்கற என் தங்கச்சி அதுல மாட்டிக்கிட்டா.

வல்லையக்கா:
நான் முதல் சொன்னதை விடுங்கோ தங்கச்சி. என்ர பிள்ளைக்குச் சரிவந்தது எல்லாருக்கும் சரிவராது. அந்த டாய்லெட் கதையை வாசிச்சு நெஞ்சு பதறிப்போச்சு.

நைட்டூட்டி:
கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. இன்னிக்கு ஷிஃப்ட் இல்லை, ராத்திரியே மெயில் போட்டுடறேன். ஒரு டவுட். செக்‌ஷன் ஏ-ல பிள்ளையோட விருப்பத்தை எழுதணுமாம். இவனுக்குப் பேச்சு அவ்வளவா வராது, சென்கோ "தெரிவிக்க இயலவில்லை"ன்னு போட்டிருக்காங்க. அப்படியே விட்டுடலாமா?

இரண்டாம்அப்பீல்:
விடாதீங்க. அந்த ஸ்கூல்ல ஷூவைக் கழட்டிட்டு மூலைல போய் உக்காந்தான்னு சொன்னீங்களே, அதை எழுதுங்க. இப்ப போற ஸ்கூல்ல எங்க உக்காருவான்?

நைட்டூட்டி:
கதவுகிட்ட. கோட்டைக் கழட்டவே மாட்டான்.

இரண்டாம்அப்பீல்:
அதையும் பக்கத்துலயே எழுதுங்க.